வெடித்த கதவுக்கு உடுக்கு ஆப்பு



சென்ற கிழமை குளக்கட்டு உடைப்புகளைப் பற்றிப் பேசியிருந்தேன். கட்டு உடைந்தால் ஊரே மண்வெட்டியோடு திரண்டுவிடும். வீட்டுக் கதவு வெடித்தால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரன் தன் புத்திக்கு எட்டியதைச் செய்துகொள்ள வேண்டியதுதான். அப்படி என் புத்திக்கு எட்டியதைச் செய்யப்போய், இருந்த வெடிப்பை இரண்டு மடங்காக்கிய கதையிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். கதை என்னுடையதுதான். ஆனால் அதற்குப் பின்னால் ஆயிரத்தைந்நூறு ஆண்டுச் சரித்திரம் கிடக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

கதவு முதிரை மரத்தில் செய்தது. பெரியப்பா 1960களில் ஓமந்தையில் கல்வீடு கட்டியபோது செய்வித்த இரட்டைக் கதவில் ஒன்று. முழ அகலத்தில் ஒற்றைப் பலகை. இன்றைக்கு அப்படி ஒரு முதிரைப் பலகையைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. 1997 மே 13ஆம் திகதி 'ஜயசிக்குறுய்' இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது முதலில் அகப்பட்ட ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. 1999 நவம்பரில் போர்முனை திரும்பவும் ஓமந்தைப் பக்கமே வந்து நின்றது. 2002இல் யுத்தநிறுத்தத்தின் பின் ஏ-9 பாதை திறந்தபோது, சோதனைச்சாவடியின் புண்ணியத்தில் எங்கள் ஊரின் பெயர் உலகத்துக்கெல்லாம் தெரியவந்தது. வீட்டுக்குத்தான் எங்களால் போக முடியவில்லை.

2010இல் காணிக்குத் திரும்பினோம். சுவர் இடுப்பளவு நின்றது. ஓடு இல்லை, நிலை இல்லை, யன்னல் இல்லை. இந்த ஒரு கதவு மட்டும் வளவின் கோடியில், தூர்ந்துபோன பதுங்குகுழியின் வாசலுக்கு மூடியாகக் கிடந்தது. மேற்பக்கம் எத்தனையோ வருட வெயிலும் மழையும், கீழ்ப்பக்கம் ஈரமண். நிறம் சாம்பலாகிவிட்டது. ஆனால் வைரத்தைக் கறையான் தொட்டிருக்கவில்லை. கதவின் ஓரத்தில் கத்தியால் கீறிய கோடுகளும் அப்படியே இருந்தன. பெரியப்பாவின் பிள்ளைகள் மூவரும் தைப்பொங்கலுக்குத் தைப்பொங்கல் உயரம் பார்த்த அடையாளங்கள் அவை. நடுவிலானின் கோடுகள் அவனுடைய பதினாறாவது வயதோடு நின்றுவிட்டன. கதவைக் கண்டதும் பெரியம்மா முதலில் தடவிப் பார்த்தது அந்த இடத்தைத்தான்.

அதனால் புது வீட்டு வாசலுக்கு அந்தக் கதவையே போடுவது என்று முடிவாயிற்று. பலமாக இருக்கட்டும் என்று நான் பின்பக்கத்தில் இரண்டு இரும்புப் பட்டிகளைக் குறுக்கே வைத்து, பலகையின் இரு ஓரமும் அசையாதபடி போல்ற் போட்டு இறுக்கினேன். ஆடி மாதம் சோளகம் எழும்பியது. ஓமந்தையில் ஒரு கோடையாவது இருந்தவர்களுக்கு அந்தக் காற்றைத் தெரியும். குளம் அடிமண் தெரிய வற்றும். வயல் கட்டி கட்டியாக வெடிக்கும். ஒரு நாள் நடுச்சாமத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். வீட்டில் இருந்த ஐந்து பேரும் அந்தக் கணமே நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டோம். பழக்கதோஷம். விளக்கைக் கொளுத்திப் பார்த்தால், கதவின் மேல்விளிம்பில் தொடங்கி முழ நீளத்துக்கு வெடிப்பு.

கடையில் விற்கிற, கலந்ததும் கல்லாக இறுகும் பசையை வாங்கி, முதிரைத் தூளோடு குழைத்து, வெடிப்புக்குள் திணித்து, அரத்தாள் போட்டு மினுக்கினேன். ஆவணியில் பார்த்தவர்கள் மெச்சினார்கள். கார்த்திகை மழை விட்டபிறகு பார்த்தால் முழ வெடிப்பு இரண்டு முழமாகி, உயரக் கோடுகளின் பக்கம் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

நெளுக்குளத்தில் ஒரு முதிய ஓடாவியார் இருந்தார். வல்வெட்டித்துறையில் பிறந்து, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வவுனியாப் பக்கம் வந்து தங்கியவர். அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கதவைப் பார்த்தார். நகத்தால் என் பசையைச் சுரண்டிப் பார்த்தார்.

"இதை மூடினது ஆர், தம்பி?"

"நான்தான், ஐயா."

"மூடினதெண்டு சொல்லாதையும். ஆப்பு இறுக்கி வைச்சிருக்கிறீர். விறகு கொத்திறவன் செய்யிற வேலையைக் கதவுக்குச் செய்திருக்கிறீர்."

பிறகு கதவைத் திருப்பிப் பார்த்துவிட்டு இரும்புப் பட்டிகளைத் தட்டினார். "பலகை ஒடுங்கவேணும் எண்டு நிக்குது. நீர் ரெண்டு கையையும் ரெண்டு பக்கத்தாலை பிடிச்சு இழுத்துக்கொண்டு நிக்கிறீர். நடுவிலை கிழியாமல் வேறை என்ன செய்யும்?"

அவர் இரண்டு வசனத்தில் சொன்னதைப் பௌதிகம் படித்தவர்கள் விரித்துச் சொல்வார்கள். பச்சை மரத்தின் நார்க்குழல்களுக்குள் நீர் நிறைந்திருக்கிறது. அந்த நீர் வெளியேறும் வரைக்கும் மரம் சுருங்குவதில்லை. ஈரம் மரத்தின் காய்ந்த நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்குக்குக் கீழே இறங்கும்போதுதான், நாரின் சுவரில் ஊறியிருந்த நீர் போகத் தொடங்கி, மரம் ஒடுங்குகிறது. அந்த ஒடுக்கம் எல்லாத் திசையிலும் ஒரேயளவாக இருந்தால் உலகத்தில் வெடித்த கதவே இருக்காது. நீளப்பாட்டில் மரம் சுருங்குவது மிகமிகக் குறைவு. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதைவிட அதிகம். வளர்வளையங்களைச் சுற்றிய திசையிலோ அதிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் உருண்டை மரம் வெயிலில் கிடந்தால் நடுவிலிருந்து பட்டை வரைக்கும் வாய் திறந்துகொள்கிறது. அறுத்த பலகை என்றாலும் இந்தச் சுபாவம் போய்விடுவதில்லை. மாரியில் விரியும், கோடையில் ஒடுங்கும். நூறு வருடம் போனாலும் அப்படித்தான்.

எங்கள் கதவுக்கு நடந்ததும் இதுதான். கோடையில் ஒடுங்க முயன்ற பலகையை இரும்பு விடவில்லை; வெடித்தது. வெடிப்பு ஆக அகலமாகத் திறந்திருந்த ஆடியிலே நான் அதற்குள் கல்லை வைத்து நிரப்பினேன். கார்த்திகையில் பலகை விரிந்து வெடிப்பு மூட வந்தபோது, கல் வழிவிடவில்லை. மூட முடியாத வாய் மேலும் கிழிந்தது. முதிரை எளிதில் வெடிக்கிற மரம் என்பதும் உண்மை. பாரமானது, இறுக்கமானது, அவசரப்பட்டுக் காயவைத்தால் மேலெல்லாம் கீறல் விடும். அதனால்தான் பழைய ஆட்கள் மரத்தைத் தறித்தவுடனே இரண்டு வெட்டுமுகத்திலும் சாணி பூசினார்கள். வெட்டுமுகத்தால் ஈரம் வேகமாக ஓடிவிடும். சாணி அதை மெதுவாக்கும். மாதக்கணக்கில் குளத்துச் சேற்றில் மரத்தைத் தாழ்த்தி வைத்ததும் உண்டு. வெடித்தபிறகு செய்கிற வைத்தியத்தைவிட வெடிக்குமுன் செய்கிற இந்தக் காவல் பெரியது என்பேன். ஆனால் நம்முடைய கையில் வந்து சேருபவை பெரும்பாலும் வெடித்தபின்தான் வருகின்றன.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். தச்சுவேலைப் பசைக்குத் தமிழில் வச்சிரம் என்று பெயர். மாட்டுத்தோலையும் கொம்பையும் காய்ச்சி எடுக்கிற அந்தப் பசைக்கு இந்திரனுடைய ஆயுதத்தின் பெயர் எப்படி வந்தது? வடமொழியில் 'வஜ்ரலேபம்' என்று ஒன்று உண்டு. வராகமிகிரர் கி.பி. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில் அதற்கென்றே ஒரு சிறு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். கோயில், மாளிகை, விக்கிரகம், கிணறு எல்லாவற்றுக்கும் பூசத்தக்க சாந்து அது. பனிச்சங்காய், விளாங்காய், இலவம்பூ முதலியவற்றை நீரிலிட்டு எட்டிலொன்றாக வற்றக் காய்ச்சி, அதிலே பிசின்கள், குங்கிலியம், குக்கில், சேங்கொட்டை, ஆளிவிதை, வில்வம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இன்னொரு பாகத்தில் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் கொம்பும், எருமைத்தோலும், வேம்பும், விளாவும் வருகின்றன. கொம்பும் தோலும் என்றால் நம்முடைய தச்சுப் பசையேதான். பூசியது கோடி ஆண்டு நிற்கும் என்று உறுதிமொழியும் கொடுக்கிறார். விளம்பரக்காரர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்!

என்னைப் பிடித்து நிறுத்தியது கோடி ஆண்டு அல்ல. அந்தப் பட்டியலின் தலையில் நிற்கிற பனிச்சங்காய். பனிச்சை நம்முடைய ஆற்றோரங்களிலும் குளத்தோரங்களிலும் நிற்கிற மரம். கிழக்கிலே பனிச்சங்கேணி என்று ஊரே உண்டு. காயைப் பிழிந்தால் வரும் துவர்ப்பான பால் காற்றுப்பட்டுக் கறுத்து இறுகும். மீன்பிடிகாரர் அதிலே வலையைத் தோய்த்தார்கள். கரித்தூளோடு குழைத்துப் படகின் அடியிலும் பூசினார்கள். விளாம்பிசினும் அப்படிப்பட்டதே. வன்னிக் காட்டுக்குள் கத்தியும் கையுமாகப் போகிறவனுக்கு வராகமிகிரரின் சரக்கில் முக்கியமானவை கையெட்டும் தூரத்தில் கிடைத்திருக்கும். நொச்சிமோட்டை, பாலமோட்டை, புளியங்குளம் என்று ஊருக்கே மரத்தின் பெயரை வைத்த மக்கள் அந்த மரங்களின் பாலையும் பிசினையும் அறியாமலா இருந்திருப்பார்கள்?

இந்தப் பழைய பசைகளுக்கும் நான் வாங்கிய பசைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வச்சிரத்தை ஈரமும் சூடும் இளக்கும். இளகுகிறதே என்று அதைக் குறைவாகப் பேசுவோர் உண்டு. பழுதுபார்க்கிறவனுக்கு அதுதான் வரம். ஐம்பது வருடத்துக்கு முன் ஒருவன் ஒட்டியதை இன்னொருவன் வெந்நீர்த் துணியை வைத்துப் பிரித்து, திருத்தி, மறுபடி ஒட்டலாம். அரும்பொருட் சாலைகளிலும், பழைய வயலின் திருத்துகிறவர்களிடத்திலும் தோற்பசை இன்றைக்கும் கைவிடப்படாமல் இருப்பதற்கு இதுவே காரணம். என் பசையை ஓடாவியார் உளியால் கிண்டி எடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று.

கிண்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் கலப்பத்தைப் பற்றிச் சொன்னார். கலப்பத்து என்பது மரக்கலத்துப் பலகைகளின் இடுக்குகளை அடைக்கிற தொழில். அரபிலும் போர்த்துக்கேயத்திலும் இந்துஸ்தானியிலும் இதே ஒலியையொத்த சொற்கள் இதே தொழிலுக்கு உண்டு. கடலோடிகளோடு சேர்ந்து சொல்லும் ஓடியிருக்கிறது. ஓடாவி என்ற சொல்லுக்கும் பழைய அகராதிகள் படகு கட்டுபவன் என்ற பொருளைத் தருகின்றன. வீட்டுக்குக் கதவு செய்கிறவனையும் நாம் அந்தப் பெயராலேயே அழைக்கிறோம் என்றால், நம்முடைய தச்சுக்கலையின் ஒரு கால் கடலுக்குள்ளே நிற்கிறது என்றுதானே பொருள்?

கலப்பத்துக்காரன் இடுக்கைக் கல்லால் நிரப்புவதில்லை. எண்ணெயில் தோய்த்த பஞ்சைத் திரித்து, மழுங்கிய உளியை வைத்து, கொட்டாப்புளியால் மெல்ல மெல்ல உள்ளே இறக்குவான். அதற்கு மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய குழம்பு. கப்பல் கடலில் இறங்கியதும் பலகை ஊறி விரியும். பஞ்சு நசிந்து இடம் கொடுக்கும். இடுக்கு இறுகி நீர் நிற்கும். கரையேற்றினால் பலகை ஒடுங்கும். பஞ்சு கழன்று விழாமல் நார்நாராகப் பற்றிக்கொண்டிருக்கும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவர் அதைச் செலுத்திக்கொண்டு போய் 1938இல் மசாசுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்த கதையை நேயர்களில் பலர் அறிவீர்கள். கொண்டுபோன மாலுமிகளை நாம் புகழ்கிறோம், நியாயம்தான். இடுக்குகளில் பஞ்சு இறக்கிய கைகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

சென்னையில் துறைமுகம் கட்டப்படுமுன், அலை அடித்து நொறுக்குகிற அந்தக் கரைக்குக் கப்பலிலிருந்து ஆட்களையும் பொதிகளையும் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலுக்குள் நாரும் வைக்கோலும் வைத்துவிடுவார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் பிளந்தது. தைத்த படகு நெளிந்து கரையேறியது. அந்தப் படகுகளுக்குப் போன மரம் எங்கிருந்து போனது தெரியுமா? திருகோணமலையிலிருந்து. நம்முடைய சாவண்டலை மரம், சிங்களத்தில் ஹல்மில்ல, 'திருகோணமலை மரம்' என்ற பெயரிலேயே சென்னைக்கு ஏற்றுமதியானதை எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில் குறித்திருக்கிறார்.

முதிரைக்கும் ஒரு பெருமை உண்டு. பேராதனையில் மகாவலி கங்கைக்கு மேலே 1830களின் தொடக்கத்திலே ஒரு பாலம் அமைத்தார்கள். 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டிய அந்தப் பாலம் முழுவதும் முதிரை. ஆணியோ திருகாணியோ இல்லாமல் கட்டப்பட்டது என்று அக்காலப் பயண நூல்கள் வியந்து எழுதுகின்றன. மழையும் வெயிலும் எழுபது வருடத்துக்கு மேல் தின்ற பிறகு, 1905இல் அதைக் கழற்றிவிட்டு இரும்புப் பாலம் போட்டார்கள்.

அதே 1905இல்தான் வடபகுதிப் புகையிரதப் பாதையும் முழுமையடைந்து, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது. வன்னிக் காடு வழியாகப் போன அந்தப் பாதை மரத்தின் மேலேயே கிடந்தது. இலங்கைப் புகையிரதத்தின் சிலிப்பர் கட்டைக்குப் பேர்போன மரங்களில் ஒன்று பாலை. தண்ணீரில் போட்டால் தாழ்ந்துவிடும், அவ்வளவு பாரம். ஆனால் பாலையும் வெயிலில் முனை பிளக்கும். சிலிப்பரின் முனை பிளந்தால் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆணி இளகிவிடும். அதன்மேல் ஓடுவது ரயில். உலகத்துப் புகையிரதக்காரர்கள் இதற்குக் கண்ட வைத்தியம் எளியது. 'எஸ்' எழுத்துப் போல வளைத்த, ஒரு விளிம்பு கூரான இரும்புத் தகட்டைக் கட்டையின் வெட்டுமுகத்தில் பிளவுக்குக் குறுக்கே அறைந்துவிடுவார்கள். அது பிளவை நிரப்புவதில்லை, மறைப்பதில்லை. மேலும் திறக்காமல் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

மாட்டுவண்டிலின் சில்லுக்குக் கொல்லர் பட்டம் போடுவதும் இந்த வகைதான். பட்டத்தைப் பழுக்கக் காய்ச்சிச் சில்லின்மேல் இறக்கி நீரை ஊற்றினால், இரும்பு ஒடுங்கி வட்டையையும் ஆரக்காலையும் குடத்தையும் ஒன்றாக நெரித்துப் பிடிக்கும். கோடையில் மரம் ஒடுங்கிப் பட்டம் கலகலத்தால் வண்டில்காரன் சில்லை ஓர் இரவு குளத்துக்குள் உருட்டிவிடுவான். காலையில் இறுகியிருக்கும். செலவில்லாத பழுதுபார்ப்பு!

1990 ஜூனில் யாழ்தேவி நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர்களும் பதுங்குகுழிகளுக்குப் போயின. எங்கள் வளவுக் குழிக்குள்ளும் மண்ணில் புதைந்த நாலைந்து சிலிப்பர்கள் கிடந்தன. அவற்றில் ஒன்றின் முனையில் அந்த 'எஸ்' இரும்பு துருவேறி இருந்தது. ஓடாவியார் அதைக் கண்டதும் குந்தியிருந்து, சுத்தியலால் மண்ணைத் தட்டிவிட்டு, "இஞ்சை பாரும், உம்மடை கதவுக்கு மருந்து இதுக்குள்ளை கிடக்குது" என்றார்.

அவர் சொன்ன மருந்து இரும்பல்ல, உடுக்கு ஆப்பு. நடு ஒடுங்கி இரு தலையும் அகன்ற, சிவபெருமான் கையிலுள்ள உடுக்குப் போன்ற ஒரு சிறு கட்டை. வெடிப்பின் ஒரு கரையில் ஒரு தலையும் மறுகரையில் மறுதலையும் இருக்கும்படி பலகையில் குழி வெட்டி அதை இறக்கிவிட்டால், இரு கரையும் விலக முடியாது. எகிப்தியர் கல்லிலும் மரத்திலும் கையாண்ட உபாயம் இது. யப்பானியத் தச்சரும் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். ஆனால் வெடிப்பை ஒளிக்காமல், அதையே மேசையின் அழகாக்கி உலகத்துக்குக் காட்டியவர் ஜோர்ஜ் நகாஷிமா. அவருடைய கதையைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அதில் நமக்கும் ஓர் ஒட்டு உண்டு.

நகாஷிமா 1905இல் அமெரிக்காவில் யப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கட்டடக்கலை படித்தவர். அன்ரொனின் றேமண்ட் என்ற கட்டடக்கலைஞரிடம் வேலைசெய்தபோது, 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டு, அரவிந்தர் ஆச்சிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் வேலையை நின்று நடத்தினார். ஆச்சிரமத்தில் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயரும் சூட்டினார்கள். திரும்பிப்போய் அமெரிக்காவில் தளபாடம் செய்யத் தொடங்கிய வேளையில் யுத்தம் வந்தது. 1942இல், யப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்து மினிடோக்கா முகாமில் முட்கம்பிக்குள்ளே அடைக்கப்பட்டார்.

அந்த முகாமில் ஒரு தச்சர் இருந்தார். பெயர் கென்ரரோ ஹிக்கோகாவா. யப்பானிய மரபுத் தச்சிலே பழகிய கை. முகாம் கட்டியதில் மிஞ்சிய கழிவுப் பலகைகளையும், வெளியே பாலைவனத்தில் வளர்ந்த முறுக்கலான புதர்மரங்களையும் வைத்துக்கொண்டு இருவரும் வேலை செய்தார்கள். கட்டடக்கலை படித்தவர் தச்சரிடம் பிள்ளையாக அமர்ந்து உளிபிடிக்கக் கற்றார். 1943இல் றேமண்ட் பொறுப்பேற்று அவர்களை வெளியே எடுத்தார். பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் நகாஷிமா தமது பட்டறையை அமைத்தார். பெரிய மரக்கூடங்கள் கழித்துவிடுகிற வெடித்த, முடிச்சு விழுந்த பலகைகளை வாங்கி, வெடிப்பைத் திறந்தபடியே விட்டு, குறுக்கே கறுத்த மரத்தில் உடுக்கு ஆப்பு இறக்கினார். ஆங்கிலத்தில் அதற்கு வண்ணத்துப்பூச்சியின் பெயர். எனக்கு உடுக்குத்தான் பொருத்தமாகப் படுகிறது. 1964இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து வேலை செய்தார். 1990இல் மறைந்தார்.

முகாமுக்குள் அடைபட்ட ஒரு மனிதர் அங்கே கிடைத்த கழிவுப் பலகையில் கற்ற வேலை அது. 2009இல் எங்கள் ஆட்கள் மெனிக் பாமில் தறப்பாளின் கீழே இருந்த மாதங்களில், இப்படி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு என்னென்ன போயிருக்குமோ. அதை எவராவது கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஓடாவியாரும் அந்த முகாமில் இருந்தவர்தான். தறப்பாள் கம்புகளை ஆணியில்லாமல் கட்டுவதற்கு இரண்டு பொடியன்களைப் பழக்கியதாகச் சொன்னார். பொடியன்கள் இப்போது எங்கே என்று கேட்டேன். ஒருவன் மத்திய கிழக்கில், மற்றவன் எங்கேயென்று தெரியாது என்றார்.

எங்கள் கதவு வேலையை அவர் உடனே தொடங்கவில்லை. பசையைக் கிண்டி எடுத்தவர், "சித்திரையிலை வாறன்" என்று போய்விட்டார். மாரியில் ஆப்பு வைத்தால் கோடையில் பலகை ஒடுங்கி ஆப்பைச் சுற்றி வேறிடத்தில் வெடிக்கும். கடுங்கோடையில் வைத்தால் மாரியில் விரிந்து ஆப்பைக் கழற்றிவிடும். அரை ஈரமும் அரைக் காய்ச்சலுமான காலம் வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

2011 சித்திரையில் சொன்னபடி வந்தார். முதலில் என் இரும்புப் பட்டிகளைக் கழற்றி, போல்ற் ஓட்டைகளைக் குறுக்குப்பாட்டில் அரை விரல் அகலத்துக்கு நீட்டினார். பட்டி கதவைத் தாங்கும். ஆனால் பலகை ஒடுங்கவும் விரியவும் போல்ற் வழுக்கி இடம்விடும். உடுக்கு செய்ய அவர் தேர்ந்தது குழிக்குள் கிடந்த சிலிப்பரின் நடுப்பகுதியை. "எத்தினை வருசம் வெயிலிலை கிடந்து ஆடி அடங்கின மரம். இனி இது அசையாது" என்றார். பாலை அவருடைய உளியின் முனையை மூன்று தரம் மடக்கியது. மூன்று உடுக்குகள். ஒன்று வெடிப்பின் வாயில், ஒன்று நடுவில், ஒன்று வெடிப்பு முடிகிற நுனிக்குச் சற்றுக் கீழே. உயரக் கோடுகளுக்கு இரண்டு விரல் இப்பால் அந்த மூன்றாவது. அதை இறக்கும்போது பெரியம்மா கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

வெடிப்புக்குள் தேன்மெழுகும் குங்கிலியமும் உருக்கிய குழம்பை மெல்லியதாக இழுத்துவிட்டார். பிறகு சீவுளியைக் கையிலெடுத்து, கதவு முழுவதையும் ஒரு தரம் சீவினால் சாம்பல் நிறம் போய் முதிரையின் பொன்னிறம் வரும் என்றார்.

"சீவ வேண்டாம் ஓடாவியார்" என்றார் பெரியம்மா.

அவர் கோடுகளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சீவுளியைப் பைக்குள் வைத்துவிட்டு எண்ணெய்த் துணியை எடுத்தார். கூலியில் பாதியைத்தான் வாங்கினார். மீதிக்கு அந்தச் சிலிப்பர் துண்டில் எஞ்சியதைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அதே 2011இல் வவுனியாவிலிருந்து ஓமந்தை வரைக்கும் புகையிரதம் மறுபடி ஓடத் தொடங்கியது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை எட்டியது. புதுப் பாதையின் சிலிப்பர்கள் கொங்கிறீற்.

பெரியம்மா இருந்தவரைக்கும் ஒவ்வோர் ஆடியிலும் ஒரு ரூபாய்க் குற்றியை எடுத்து அந்த வெடிப்புக்குள் நுழைத்துப் பார்ப்பார். நுழையும். கார்த்திகையில் நுழையாது. இப்போது அதை நான் செய்கிறேன். போன ஆடியிலும் குற்றி நுழைந்தது. மூன்றாவது உடுக்குக்கு அப்பால் வெடிப்பு ஒரு நூலும் ஓடவில்லை.